சாம்புவின் யோகம்

காப்பார்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாயிருக்கும் யான், இரவில் கொரியத் துப்பறியும் தொடர்களைக் காண்பதுண்டு. அவற்றில் காவலர் தடுமாறும்போதெல்லாம், எழுத்தாளர் தேவனின் துப்பறியும் சாம்புவே கண்முன் நிற்கிறான். அவனும் என்போற் குமாஸ்தாவே. பாங்கில் மண்டு எனப் பெயரெடுத்தவன். அவன் உளறல் குருட்டு யோகத்தால் பலிக்கும், இன்ஸ்பெக்டர் கோபாலன் வியப்பார், நாம் சிரிப்போம்.

யோகம் பிசகினால்? தோட்டத்தில் பொருள் காணாமற் போனால், முதற் சந்தேகம் தொழிலாளியின்மீதன்றோ? கொரியாவிலும் அஃதே. ஹ்வாசொங்கில் 1988-இல் நடந்த கொலைக்காக, பண்ணைக் கருவி பழுதுபார்க்கும் ஏழை ஒருவரைப் பிடித்து, உறங்கவிடாது வதைத்து வாக்குமூலம் வாங்கினர். அவ்வூர்க் கொலைகளைத் தழுவிய 2003-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் காவலரின் மடமை நகைப்பூட்டுகிறது. மக்கள் அதைக் கண்டு சிரித்த நாளிலும் அவர் சிறையில்தான் இருந்தார்! 2019-இல் வேறொருவன் குற்றத்தை ஒப்புக்கொள்ள, 2020-இல் நீதிமன்றம் அவரை நிரபராதி என்றது. 22 வயதில் பிடிபட்டவருக்கு அப்போது வயது 53.