சத்தம் கேக்குது, கதை விளங்கேல்லை

"நான் வரேல்லை எண்டதில அப்பாவுக்கு என்ன அவ்வளவு சந்தோசம்?"

ரொறன்ரோவிலிருந்து அக்கா இப்படி ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தா. கூடவே அப்பா அவவுக்கு அனுப்பிய வொய்ஸ் நோட்டும் இருந்தது. போட்டுக் கேட்டேன். "சரி பிள்ளை, நல்லது. மெத்தச் சந்தோசம். கவனமா இரு." அவ்வளவுதான். அதற்கு முன்னர் அக்கா அனுப்பியதையும் வாங்கிக் கேட்டேன். டிசெம்பரில லீவு குடுக்க மாட்டினமாம், டிக்கெட்டும் நினைக்க முடியாத விலை, அடுத்த வருசம் பாப்பம் அப்பா. ஒரு நிமிசத்துக்குக் கிட்ட, குரல் உடைந்துபோய்ச் சொல்லியிருந்தா. அதற்குத்தான் அந்த மெத்தச் சந்தோசம்.

அப்பாவிடம் போய்க் கேட்டேன். அவர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"சத்தம் கேக்குது தம்பி. கதை விளங்கேல்லை."

"எப்பயிலிருந்து?"

"ரெண்டு மூண்டு நாளா."

"ஏன் சொல்லேல்லை?"

"நீ ஏதோ புதுசாப் போட்டனி. புதுசெண்டா அப்பிடித்தான் இருக்குமாக்கும் எண்டு நினைச்சன்."

நான் போட்டது விண்டோஸ் 11. பத்துக்கு வழமையாக வருகிற இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிகிறது என்று திரையில் ஒவ்வொரு நாளும் வந்துகொண்டிருந்தது. எங்களுடையது செகண்ட் ஹாண்ட் லப்டொப். எட்டாம் தலைமுறை ப்ரொசெசர் என்பதால் மயிரிழையில் தகுதி பெற்றது. இரவு டேட்டாவில் இறக்கி, விடிய எழும்பிப் பார்க்க எல்லாம் முடிந்திருந்தது. படங்கள் இருந்தன, பாட்டுகள் இருந்தன, டெஸ்க்டொப்பில் அப்பாவின் வோல்பேப்பர்கூட இருந்தது. எனக்கு வலு திருப்தி.

சரி, இதில் அப்பாவின் காது எங்கே வருகிறது என்றால், அவர் முப்பது வருசத்துக்கு மேல் தூள் திரிக்கிற மில்லில் நின்றவர். காதுக்கு ஒன்றும் போடாமல். எட்டு மணித்தியாலம் வேலை செய்கிற இடத்தில் 85 டெசிபெலுக்கு மேல் போகக்கூடாது என்று இப்போது சொல்கிறார்கள். அந்த மில் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரோடு கத்தித்தான் கதைக்க வேண்டும். இப்படிச் சத்தத்தால் கெடுகிற காது எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கெடுவதில்லை. முதலில் பள்ளம் விழுவது பெரும்பாலும் 3000க்கும் 6000 ஹேர்ட்ஸுக்கும் இடையில்தான். அப்பாவின் காதைச் சோதித்துத் தந்த ஓடியோகிராம் தாளில் கோடு 1000 வரை ஓரளவு நேராக வந்து, 4000இல் கிணற்றுக்குள் விழுகிறது. வலது காதில் இன்னும் ஆழம். மெஷின் எப்போதும் அவருக்கு வலப்பக்கம்.

நாங்கள் கதைக்கிற சத்தத்தின் பலம் உயிரெழுத்துகளில். அவை பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் நிற்கின்றன. எந்தச் சொல் என்று பிரித்துக் காட்டுவது மெய்யெழுத்துகள். அதிலும் ச, ஸ, த, க போன்றவற்றின் அடையாளம் மேலே, மெல்லிய சத்தமாகக் கிடக்கிறது. சட்டி, தட்டி, கட்டி, பட்டி நாலையும் மறைவில் நின்று சொன்னால் அப்பாவுக்கு நாலும் "அட்டி" மாதிரித்தான். யாரோ கதைக்கிறார்கள் என்று தெரியும். என்ன கதைக்கிறார்கள் என்று தெரியாது. மிச்சத்தை முகத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்வார். வொய்ஸ் நோட்டில் முகம் இல்லை. "டிசெம்பர்", "லீவு" என்ற இரண்டும் பிடிபட்டிருக்கின்றன. அந்த இரண்டை வைத்து ஒரு அப்பா வேறு எதை நிரப்புவார்?

காதுக்கு மெஷின் வாங்குவோம் என்றால் விலையைக் கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு. பேந்து, "அதைக் கொழுவினா கிழவன் எண்டு நெத்தியில எழுதி ஒட்டின மாதிரி" என்று இன்னொரு சிரிப்பு. அதனால்தான் இரண்டு வருசத்துக்கு முன் லப்டொப்பில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச சொஃப்ட்வெயாரைப் போட்டேன். மேலே பீஸ் என்ற இன்னொன்று, நெம்புகளை இழுத்து விளையாட. ஓடியோகிராமைப் பக்கத்தில் வைத்து, எங்கே பள்ளமோ அங்கே தூக்கிவிட்டேன். காதுக்கருவி பொருத்துகிறவர்களிடம் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது, இழப்பில் பாதியைத் தூக்கு என்று. அப்பாவுக்கு 4000இல் 60 டெசிபெல் இழப்பு. பாதி 30. போட்டதும் "ஊசியால குத்துற மாதிரி இருக்கு" என்று ஹெட்போனை எறிந்தார். குறைத்துக் குறைத்து, சட்டி தட்டி என்று மாறி மாறிச் சொல்லி, மூன்று இரவு இருந்து, வலதுக்கு 12, இடதுக்கு 9 என்று நிறுத்தினோம். அந்த 12ஐத் தூக்கினால் பாட்டின் உச்சத்தில் சத்தம் கிழியும். அதற்காக ப்ரீஅம்பை 12 இறக்கி வைத்தேன். இது காதுக்கருவி இல்லை. கருவி மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அடக்கும்; இது எல்லாவற்றையும் ஒரே மாதிரித் தூக்கும். இருந்தாலும் அன்றைக்குச் செய்தி வாசிக்கிற பிள்ளையின் பெயரை அவர் முதல் தடவையாகச் சரியாகச் சொன்னார்.

அது இப்போது வேலை செய்யவில்லை. எனக்கு முதலில் வந்த புத்தி வொல்யூமைக் கூட்டுவது. கூட்டினேன். "கத்தாதை" என்றார். கேட்கிற இடத்தைத்தான் அது இன்னும் கேட்கச் செய்தது.

பீஸைத் திறந்தேன். எல்லாம் இருந்தபடியே இருந்தது. 4000இல் நெம்பு மேலே, கோடு வளைந்து, ஒன் என்று பச்சை. இதுதான் என்னை ஒரு மணித்தியாலம் ஏமாற்றியது. ஈக்வலைசர் ஓடுகிறது, ஆகவே பிழை வேறு எங்கோ என்று நினைத்தேன். புது விண்டோஸ் தன் பாட்டுக்கு ஏதாவது மெருகு சேர்த்திருக்கும் என்று சவுண்ட் செட்டிங்ஸுக்குள் போய், ஓடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று இருந்ததை ஓஃப் பண்ணினேன். ஏதோ சாதித்த மாதிரி இருந்தது. இதை நினைவில் வைத்திருங்கள்.

பேந்துதான் ஒரு சின்னச் சோதனை செய்ய வேண்டும் என்று தோன்றியது. ப்ரீஅம்பை -30க்கு இறக்கினேன். ஈக்வலைசர் உண்மையில் வழியில் நின்றால் பாட்டு முணுமுணுப்பாகிவிட வேண்டும். பாட்டு அப்படியே முழங்கியது. அப்போதுதான் விளங்கியது: நெம்புகள் அசைகின்றன, சத்தம் அவற்றுக்குள்ளால் போகவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்தால் வேறு எதையும் தொட முன்னர் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பத்து செக்கன்தான் எடுக்கும்.

காரணம் இதுதான். ஈக்வலைசர் ஏபிஓ தனியாக நிற்கிற ப்ளேயர் இல்லை. விண்டோஸின் ஓடியோ எஞ்சின் சத்தத்தை வெளியே அனுப்பும்போது, நடுவில் சில துண்டுகளைக் கூப்பிட்டு வேலை வாங்கும். அந்தத் துண்டுகளுக்குத்தான் ஏபிஓ என்று பெயர். எந்தச் சாதனத்துக்கு எந்தத் துண்டைக் கூப்பிட வேண்டும் என்ற குறிப்பு ரெஜிஸ்ட்ரியில், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனியாக இருக்கும். பெரிய அப்கிரேட் நடக்கும்போது ஓடியோ ட்ரைவர் புதிதாக ஏறுகிறது, சாதனங்கள் புதிதாகப் பதியப்படுகின்றன, அந்தக் குறிப்பும் புதிதாக எழுதப்படுகிறது. எங்கள் ஆளின் பெயர் அதில் இல்லை. சொஃப்ட்வெயார் வீட்டுக்குள் இருக்கிறது, கூப்பிட ஆளில்லை. எரர் மெசேஜும் வராது, ஏனென்றால் கணினியின் கணக்கில் எதுவும் பிழைக்கவில்லை.

வழி சுலபம். அதோடு சேர்ந்து வருகிற டிவைஸ் செலெக்டரைத் திறக்க வேண்டும் (பழைய பதிப்பில் இதற்கு கொன்ஃபிகுரேட்டர் என்று பெயர்). திறந்தேன். ஹெட்போனுக்கு முன்னால் சரி அடையாளம் இல்லை. போட்டேன். றீஸ்டார்ட். திரும்பவும் -30. பாட்டு திரும்பவும் முழங்கியது.

அந்த நேரம் இரவு பதினொன்று. அப்பா படுக்கவில்லை. கதிரையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விடு தம்பி, நாளைக்குப் பாப்பம்" என்றார். அக்காவின் மெசேஜைப் பற்றி நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டு விசயத்தை முடித்திருக்கலாம்: அவ வரேல்லையாம் அப்பா, நீங்கள் மாறி விளங்கிட்டியள். காதுக்குக் கிட்டக் குனிந்து, சத்தமாக. ஆனால் அது என் குரலில்தான் போயிருக்கும். அவர் அவவின் குரலில் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். சரியோ தெரியாது. ஒரு இரவு முழுக்க ஒரு பிள்ளை அங்கே தவித்துக்கொண்டு இருந்ததும் அந்தப் பிடிவாதத்தால்தான்.

பிழை என்னுடையது. ஏபிஓக்கள் வேலை செய்வதே அந்த என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்ற வாசலுக்குள்ளால்தான். அதை ஓஃப் பண்ணினால் விண்டோஸின் மெருகு மட்டும் நிற்காது, ஈக்வலைசர் ஏபிஓவும் சேர்ந்து நின்றுவிடும். இரவு முழுக்கப் புரண்டுவிட்டு விடியத்தான் இது மண்டையில் ஏறியது. செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், அதில் ஹெட்போன், கீழே ஓடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ். ஓஃப் என்றிருந்ததை டிவைஸ் டீஃபோல்ட் எஃபெக்ட்ஸ் என்று மாற்றினேன். -30. பாட்டு சுருண்டு முணுமுணுத்தது. ஒரு பாட்டு கேட்காமல் போனதற்கு இவ்வளவு சந்தோசப்பட்டது நானாகத்தான் இருப்பேன்.

இதற்கும் மசியாவிட்டால், அதே டிவைஸ் செலெக்டரில் ட்ரபிள்ஷூட்டிங் என்ற பகுதிக்குள் ஏபிஓவை எந்த நிலையில் பதிவது என்று மாற்றிப் பார்க்கலாம். எனக்கு அது தேவைப்படவில்லை. புளூடூத் ஹெட்போன் என்றால் பட்டியலில் அதைத் தேடித் தனியாகச் சரி போட வேண்டும்.

எங்கள் பழைய அளவுகள் தொலைந்திருக்குமோ என்று பயந்திருந்தேன். தொலையவில்லை. கொன்ஃபிக் ஃபோல்டருக்குள் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக, நாங்கள் விட்ட இடத்திலேயே கிடந்தது. வலது, இடது, 12, 9. அந்த மூன்று இரவுகளும் ஒரு கிலோபைட் அளவு. பென்டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று என்று கொப்பி எடுத்து வைத்தேன். அப்கிரேட்டுக்கு முதல் நாள் செய்திருக்க வேண்டிய வேலை.

ப்ரீஅம்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அப்பாவைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொழுவினேன். சட்டி என்றேன். சட்டி என்றார். தட்டி. தட்டி. "சரி, காணும்" என்றார்.

அக்காவின் வொய்ஸ் நோட்டைப் போட்டுவிட்டு நான் குசினிக்குள் போய்விட்டேன். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வர, அவர் இரண்டாம் தரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"லீவு குடுக்கேல்லையாம்" என்றார்.

"ஓம்."

"அழுதிருக்கிறாள், என்ன?"

"ஓம் அப்பா."

"நான் அதுக்குச் சந்தோசம் எண்டெல்லே சொன்னனான்."

ஃபோனை வாங்கி, மைக் அடையாளத்தை அமத்திப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு தரம் விட்டுவிட்டார். மூன்றாம் தரம் நான் பிடித்துக்கொண்டேன். அங்கே அப்போது சாமம். பரவாயில்லை என்றார்.