யார் நீர் என்னும் வினா

மறக்கவொண்ணாத பிழையொன்றை யான் செய்தேன். அதனை ஈண்டு எழுதுவது, பின்வரும் மாணவர்க்கேனும் பயன்படுக என்னும் கருத்தினாலேயாம்.

மதுரைக்கு வடகிழக்கேயுள்ள மேலூர்ப் புறத்துச் சிற்றூர்களில் மாணவர் சிலர் முதியோருடைய கதைகளையும் பாடல்களையும் குரற்பதிவு செய்து வந்தனர். அப்பதிவுகளை ஒரு பொதுச் சேமிப்புப் பெட்டியில் வைத்து, வலைக்கம்பி வழியே சர்வர் எடுத்தாளுமாறு அமைக்கும் பணி என்பாலதாயிற்று. ஐஸ்கசி என்னும் முறையைக் கையாண்டேன். தொலைவிலுள்ள வட்டும் சர்வருக்குத் தன் சொந்த வட்டேபோல் தோன்றுவது இம்முறையின் இயல்பு. மறைமொழி இடவேண்டிய இடத்தை வெறிதே விட்டேன். “எல்லாம் நம் வீட்டுக்குள்தானே!” என்பது என் எண்ணம்.

சில வாரங்கட்குப்பின், பயிற்சிக்கென வேறொரு சர்வரை அதே வலையில் இணைத்தேன். அதற்கும் அவ்வட்டு புலனாயிற்று, தடுப்பார் எவருமிலர். புதிய வட்டென்று கருதி யானே அதனை அழித்தெழுதினேன். முன்பே படியெடுத்து வைத்தவை போக, எஞ்சியவை மறைந்தன. அவற்றுள் ஒன்று, அதற்குள் காலஞ்சென்றுவிட்ட மூதாட்டியொருவரின் தாலாட்டு. அவர்தம் பேத்தி அதனைக் கேட்க வந்த நாளில் யான் தலைகுனிந்து நின்றேன்.

அன்று அழகர்கோயில் என் நினைவிற்கு வந்தது. சித்திரைத் திருவிழாவில் அழகர் மதுரைக்குப் புறப்படுங்கால், பதினெட்டாம்படிக் கருப்பர் முன்னிலையில் அணிகலப் பட்டியலைப் படிப்பதும், மீண்டபின் ஒப்புநோக்குவதும் வழக்கம் என்பர். உடையவரேயாயினும் காவலர்முன் கணக்குரைத்தே வாயில் கடத்தல் வேண்டும்!

பின்னரே சாப் என்னும் முறையைக் கற்றேன். 1996-இல் வரையறுக்கப்பெற்ற அது, 2004-இல் வெளிவந்த ஐஸ்கசி விதிகளிலும் இடம்பெற்றது. பெட்டி ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எண்ணை அனுப்பும். சர்வர் அதனை மறைமொழியோடு சேர்த்துக் கணித்து, விடையை மட்டும் திருப்பும். பெட்டியும் அவ்வாறே கணிக்கும். இரண்டும் ஒத்தால் கதவு திறக்கும். மறைமொழியோ கம்பியிற் செல்வதில்லை. இங்ஙனமே சர்வரும் பெட்டியை வினவலாம்; பொய்ப்பெட்டிக்கு ஏமாறாதிருக்க அதுவே நன்று. இரு திசைக்கும் மறைமொழி வேறாதல் வேண்டும். ஒவ்வொன்றும் 12 பைட்டுக்குக் குறையாதிருத்தல் நலம். ஆயினும் சாப் ஆளை அறியுமேயன்றி, செல்லும் பொருளை மறைப்பதன்று. அதற்குச் சேமிப்புக்கெனத் தனிவலையும், வேண்டுமிடத்துக் குறியாக்கமும் அமைத்தல் வேண்டும்.

மறைமொழி இருந்திருப்பின் அப்புதிய சர்வர் வாயிலிலேயே நின்றிருக்கும். என் கையும் நின்றிருக்கும். பிறர் ஒப்படைத்ததைக் காப்பவன், நண்பனையும் “யார் நீர்?” என வினவுதல் அவமதிப்பன்று, கடமையேயாம்.