விண்ணப்பப் படிவத்தில் இல்லாத கேள்விகள்

பல்கலைக்கழக அனுமதி என்றதும் எங்கள் வீட்டில் முதலில் பேசப்படுவது இஸட் புள்ளிதான். எந்தப் பாடநெறிக்கு யாழ் மாவட்டத்தில் எவ்வளவு வெட்டுப்புள்ளி என்பதையெல்லாம் வாப்பா விசாரித்து வைத்திருக்கிறார். எனக்கு வேறொரு கணக்கும் உண்டு. பிறந்ததிலிருந்தே எனக்குப் பார்வை குறைவு. முதல் வாங்கில் இருந்தாலும் கரும்பலகை எழுத்துத் தெரியாது; புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துத்தான் வாசிப்பேன்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, விழிப்புலனற்றோருக்கும் ஏனைய மாற்றுத்திறனாளிகளுக்கும் விசேட ஏற்பாட்டின் கீழ் அனுமதி வழங்குகிறது. அது நல்ல விடயம். ஆனால் உள்ளே போனபின் அத்தனை வருடங்களும் எப்படிப் படிப்பது என்பதை அந்த ஏற்பாடு சொல்வதில்லை.

கடந்த விடுமுறையில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தைப் பார்க்கப் போனோம். வாசலில் அழகான சாய்தளம் கட்டியிருந்தார்கள். ஏறிப் போனால் கதவு பூட்டியிருந்தது. சாவி காவலாளியிடமாம், அவர் சாப்பிடப் போயிருந்தார். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், கட்டடங்களில் அணுகும் வசதி பற்றிய 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் நம் நாட்டில் இருக்கின்றன. ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. சாவியைப் பற்றித்தான் எவரும் எழுதவில்லைப் போலும்!

கைதடி நவீல்ட் பாடசாலையும் சுன்னாகம் வாழ்வகமும் இருக்கும் குடாநாடு இது. விழிப்புலனற்ற பிள்ளைகள் பல்கலைக்கழகம் போவது இங்கே புதினமல்ல. அப்படிப் போய்ப் படிக்கும் அக்கா ஒருவரிடம் கேட்டேன். “கொம்பியூட்டர் இருக்கோ எண்டு கேளாதை, எல்லா இடமும் இருக்கு எண்டுதான் சொல்லுவினம். அதிலை திரைவாசிப்பான் போட்டிருக்கோ, நோட்ஸ் எந்த எழுத்திலை தருவினம் எண்டு கேள்” என்றார்.

எழுத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வீட்டில் என்விடிஏ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தபோது விளங்கியது. யுனிகோட் தமிழை அது தெளிவாக வாசிக்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்த குறிப்பைக் கொடுத்தால் ஆங்கில எழுத்துகளைத் தாறுமாறாகச் சொல்கிறது. ஸ்கேன் செய்த பக்கம் அதற்கு வெறும் படம். விரிவுரையாளர் குறிப்பை யுனிகோடில் அடித்துக் கொடுத்தாலே என் போன்றவர்களுக்குப் பாதிப் பாரம் குறையும். படிகளின் விளிம்பில் மஞ்சள் வர்ணம் பூசவும் பெரிய செலவு இல்லை.

களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில் மாற்றுத்திறன் பற்றியே கற்பிக்கும் துறை ஒன்று உண்டு. அதற்காக அங்குள்ள வேறு பீட மாணவிக்கும் எல்லாம் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தனியாக விசாரிக்க வேண்டும். பேராதனை மலைச்சரிவில் இருக்கிறது. எனக்கு அது பரவாயில்லை. சக்கர நாற்காலியில் போகும் பிள்ளைக்கு அதுவே முதற்கேள்வி.

உம்மாவுக்கு இவை எதுவும் காதில் ஏறவில்லை. 1990 ஒக்டோபரில் எல்லாவற்றையும் விட்டு வெளியேறி, புத்தளத்தில் வருடக்கணக்காக இருந்துவிட்டுச் சோனகத்தெருவுக்குத் திரும்பிய குடும்பம் எங்களுடையது. “பிள்ளையை இனியும் வெளியூர் அனுப்பவா? திருநெல்வேலி பக்கத்தில்தானே, நானே கூட்டிப் போய்க் கூட்டி வருவேன்” என்கிறார். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் உம்மா வாசல்வரை கூட்டிப் போகலாம். விரிவுரை மண்டபத்தில் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்ட முடியாது. பக்கத்தில் இருக்கிறது என்பது ஒரு வசதிதான். அது மட்டும் போதாது என்பதே என் வாதம்.

கடைசியில் வாப்பா ஒரு வழி சொன்னார். குறிப்புகள், பரீட்சையில் மேலதிக நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், விடுதி விளக்குகள், உதவி தேவைப்பட்டால் யாரிடம் போவது என்று என் கேள்விகளை எல்லாம் எழுதி, யாழ்ப்பாணம், ஒலுவில், களனி மூன்று இடங்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பியிருக்கிறார். களனிக்கு அனுப்பியது உம்மாவுக்கு இன்னும் தெரியாது. இதுவரை ஓர் இடத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. ஐந்து கேள்விகளில் மூன்றுக்கு ஆம், ஒன்றுக்கு இல்லை. மற்றதற்கு, நேரில் வந்தால் பேசலாம் என்று எழுதியிருக்கிறார்கள்.