வியன்னாவில் ஒரு யாழ்ப்பாணக் கிணறு

ஏப்ரலில் ஒரு வாரம், வியன்னாவின் யூ1 சுரங்க ரயிலில் ஏறினால் யார் எங்கே போகிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை. முதுகில் நீளமான பிளாஸ்டிக் குழாய், கழுத்தில் அட்டை, காலில் மலையேறுகிற சப்பாத்து. ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸில் ஏறி, டானூப் நதியைப் பாலத்தில் கடந்து, கைசர்மியூலன் நிலையத்தில் எல்லாரும் ஒன்றாக இறங்குகிறார்கள். வெளியே வந்தால் ஐ.நா.வின் வளைந்த உயரக் கட்டடங்கள். அதற்குப் பக்கத்தில் ஆஸ்திரியா சென்டர் மாநாட்டு மண்டபம். ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் பொதுக்கூட்டம் வழமையாக இங்கேதான். 15,000 பேருக்கு மேல் வருகிறார்கள். எரிமலைக்காரர், பனிப்பாறைக்காரர், பூகம்பக்காரர், மண்காரர். நான் தண்ணீர்க்காரி.

குழாய்க்குள் இருப்பது போஸ்டர். இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். "மாநாட்டில பேசப் போறியோ?" என்று சொந்தக்காரர் கேட்டால், "இல்லை, ஒரு பெரிய கடதாசியை ஒட்டிப்போட்டு அதுக்குப் பக்கத்தில நிப்பன்" என்று சொல்லவேண்டியிருக்கிறது. முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். என் ஒன்பது வயது மகன் இன்னும் நேராகச் சொன்னான்: "இதை நாங்கள் மூண்டாம் வகுப்பிலயே செய்தனாங்கள்தானே அம்மா." செய்தார்கள்தான். முள்ளம்பன்றியைப் பற்றி.

இப்போது பலர் துணியில் அச்சடித்து, மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். நான் இன்னும் கடதாசிதான். ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்து ரயிலில் ஆறரை மணித்தியாலம் போல. குழாய் மகனின் கையில் முதலில் வாளாக இருந்தது, பிறகு தொலைநோக்கி. மாநாட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒழுங்கு இருக்கிறது; சிறுபிள்ளை உள்ளவர்கள் இதைக் கட்டாயம் விசாரியுங்கள். ஆனால் இந்த முறை அம்மாவும் வந்தா. "நானும் வியன்னாவைப் பார்க்கத்தானே வேணும்" என்றா.

என் போஸ்டர் யாழ்ப்பாணத்துக் கிணறுகளைப் பற்றியது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும்தான். ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை கொட்டுகிற மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளாலும் குகைகளாலும் கீழே இறங்கித் தங்கிவிடுகிறது. அதற்கும் அடியில் கடல்நீர். நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் உவர்நீருக்கு மேலே மிதக்கிறது, நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து. புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1889இல் பாடன் கைபன் என்ற டச்சுக்காரர் எழுதினார். 1901இல் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற ஜெர்மன்காரர், வடகடல் தீவுகளின் கிணறுகளைப் பார்த்துத் தனியாக அதையே கண்டார். நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் இருந்தால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள். மோட்டர் போட்டு இறைத்து அந்த ஒரு மீற்றரை நிரந்தரமாக இல்லாமல் செய்தால், கீழேயிருக்கும் உப்பு 40 மீற்றர் மேலே வரப் பார்க்கும். துலாவில் அள்ளின காலத்தில் மனிதனின் கைக்கு ஒரு எல்லை இருந்தது. மோட்டருக்கு அது இல்லை. என் அளவீடுகள் வலிகாமத்தில் சில டசின் கிணறுகளில் எடுத்தவை. அவற்றில் இரண்டு எங்கள் சொந்தக்காரருடையவை.

போஸ்டர் மண்டபம் ஒரு சந்தை மாதிரி. வரிசை வரிசையாகப் பலகைகள், ஒவ்வொன்றுக்கும் இலக்கம். உங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஒன்றே முக்கால் மணித்தியாலம். அந்த நேரம் முழுக்கக் கடைக்காரர் மாதிரி நிற்கவேணும். நடந்து போகிறவர்கள் முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. தலைப்பைப் பார்ப்பார்கள், பிறகு படத்தை, பிறகு கழுத்தில் தொங்கும் அட்டையை. அதற்குப் பிறகுதான் முகம். முதல் இருபது நிமிடம் எனக்கு ஒருவரும் வரவில்லை. பக்கத்துப் பலகையில் கிரீன்லாந்துப் பனி உருகுவதைப் பற்றிச் சொன்ன இளைஞனுக்கு முன்னால் கூட்டம். பனி எப்போதும் அழகாகப் படத்தில் விழும். கிணறு அப்படியில்லை.

மேடையில் பேசுவதைவிட இது கீழானது என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மேடையில் சில நிமிடம் பேசிவிட்டு இறங்கலாம், ஒருவருக்கும் விளங்கவில்லை என்றாலும் தெரியாது. போஸ்டரடியில் எதிரில் நிற்கிறவரின் புருவம் உடனே சொல்லிவிடும். வருகிறவர் யார் என்று தெரியாமல், இரண்டு நிமிடத்தில், அவருக்கு ஏற்ற மாதிரிச் சொல்லவேணும். கணிதக்காரருக்கு ஒரு விதம், மண் படிக்கும் மாணவிக்கு இன்னொரு விதம்.

முதலில் வந்தவர் நெதர்லாந்தில் இருந்து ஒரு வயதானவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வாசித்தார், அடிக்குறிப்புகூட. பிறகு தங்கள் ஊரைப் பற்றிச் சொன்னார். ஆம்ஸ்டர்டாம் 1853 தொடக்கம் கடற்கரை மணல்மேடுகளின் தண்ணீரைக் குடித்தது. அளவுக்கு மீறி எடுத்ததில் உப்பு ஏறத் தொடங்கியது. கடைசியில் 1957 தொடக்கம் ரைன் நதியின் தண்ணீரைக் கொண்டுவந்து அதே மணல்மேட்டுக்குள் விட்டு, வடிகட்டி எடுக்கிறார்கள். "உங்களுக்கு ஆறு இல்லையே, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். மழையைத்தான் பிடிக்கவேணும், குளங்களைத் தூர்வார வேணும் என்றேன். தலையாட்டினார். பிறகு, "இந்தக் கிணற்றுச் சொந்தக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டார்களா?" என்றார்.

இல்லை. போஸ்டர் ஆங்கிலத்தில். கிணற்றடியில் வாளியைத் தந்து, தேத்தண்ணியும் தந்தவர்கள் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

அடுத்ததாக வந்தவ சென்னையில் இருந்து வந்த ஆய்வு மாணவி. பேரைப் பார்த்துவிட்டு, "நீங்க தமிழா?" என்று கேட்டா. இரண்டு பேருக்கும் சந்தோசம். அவ என் படத்தில் இருந்த துலாவைக் காட்டி "ஏற்றம்!" என்றா. நாங்கள் துலா என்கிறோம் என்றேன். சென்னைக் கடற்கரையிலும் கிணறுகள் உப்பாகும் கதையைச் சொல்லத் தொடங்கினா. மூன்று வசனம் தமிழில் போனது. நாலாவது வசனத்தில் இரண்டு பேரும் ஆங்கிலத்துக்குள் விழுந்துவிட்டோம். அவ படித்தது ஆங்கிலத்தில், நான் ஜெர்மனில். கிணறு, தண்ணி, மழை, உப்பு, இவ்வளவும் எங்களிடம் இருந்தது. இவற்றை இணைக்கிற சொற்கள் இல்லை.

வேலை தேடி வந்தவர்களும் மண்டபத்தில் நிறையப் பேர். மகள் விஞ்ஞானியாகப் போகிறாள் என்று பெருமைப்படுகிற பெற்றோர் இதையும் தெரிந்திருக்கவேணும். ஜெர்மனியில் பல்கலைக்கழகத் தற்காலிக ஒப்பந்தங்களுக்குப் பொதுவாகக் கலாநிதிப் பட்டத்துக்கு முன் ஆறு வருடம், பின் ஆறு வருடம் என்று சட்டத்தில் எல்லை இருக்கிறது. அதற்குள் நிரந்தர இடம் கிடைக்காவிட்டால் வேறு வழி பார்க்கவேண்டியதுதான். வேண்டாம் என்று தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போகட்டும்.

அடுத்த நாள் கூட்டத்துக்குப் போகாமல் மூன்று பேரும் நகரம் பார்த்தோம். அரண்மனைகள் பற்றி மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் தண்ணீரைப் பார்த்தேன். ஷ்வார்ட்சன்பெர்க் சதுக்கத்தில் ஒரு பெரிய நீரூற்று உயரப் பாய்கிறது. 1873இல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளில் இருந்து வியன்னாவுக்கு முதல் குடிநீர்க் கால்வாய் வந்ததைக் கொண்டாடக் கட்டியது. அந்தக் கால்வாய்க்காக நகரசபையில் வாதாடியவர் எடுவார்ட் சூஸ் என்ற புவியியலாளர். கோண்டுவானா என்ற பழைய பெருநிலத்தின் பெயரை உலகறியச் செய்தவரும் அவர்தான். தைபோயிட்டும் கொலராவும் இருந்த நகரம் அது. இரண்டாவது கால்வாய் 1910இல் வந்தது. ஊற்று நகரத்தைவிட உயரத்தில் இருப்பதால் தண்ணீர் தன்பாட்டில் இறங்கி வருகிறது. நகரம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிநீர்க் குழாய்கள். மகன் ஒவ்வொன்றிலும் போத்தலை நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டான். அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு, "எங்கட கிணத்துத் தண்ணி மாதிரி இல்லை. இதில ருசியே இல்லை" என்றா. சுண்ணாம்புக்கல் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு.

அன்று இரவு தங்குமிடத்தில் போஸ்டரைக் கட்டிலில் விரித்தேன். அம்மா அதை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டே இருந்தா. மண்டபத்துக்குள் அட்டை இல்லாமல் விடமாட்டார்கள்.

"இது என்ன படம் பிள்ளை?"

சொன்னேன். மேலே நன்னீர், கீழே உப்புநீர், நடுவில் தடிப்பு, ஓரம் மெல்லிசு. "லின்ஸ மாதிரி அம்மா" என்று ஜெர்மன் சொல்லைப் போட்டுச் சொன்னேன்.

"வில்லை" என்றா அம்மா. "குவிவு வில்லை. இரண்டு பக்கமும் குவிவு."

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே போனா. "இது அடர்த்தி வித்தியாசத்தால வாறது. மேல இருக்கிறது அடர்த்தி குறைஞ்சது. இந்தக் கோடு என்ன, கடத்துதிறனோ? உப்புக் கூடினால் கடத்துதிறன் கூடும்."

என் அம்மா முப்பது வருடமாக ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கிறவ. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் பின் வாங்கில் இருந்து, நான் மொழிபெயர்க்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பா. ஆனால் இலங்கையில் விஞ்ஞானத்தைத் தமிழிலேயே உயர்தரம் வரைக்கும் படித்த தலைமுறை அது. பௌதிகம், இரசாயனம், தாவரவியல் எல்லாம் தமிழில். எனக்கு ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இருந்த சொற்கள் எல்லாம் அம்மாவிடம் தமிழில் இருந்தன. அவவோடு நான் நாற்பது வருடமாகக் கதைத்தது சாப்பாடும், உடம்பும், சொந்தக்காரரும்.

"ஏன் அம்மா ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே. அதோட, அந்தச் சொல்லை வைச்சுக்கொண்டு நான் இங்க ஆரோட கதைக்கிறது?"

மகன் கட்டிலின் மற்றப் பக்கத்தில் இருந்து, "அம்மம்மா, குவிவு எண்டால் என்ன?" என்றான். அவ தன் வயிற்றைத் தட்டிக் காட்டினா. இனி அவன் மறக்கமாட்டான்.

திரும்பி வரும் ரயிலில் ஒரு கொப்பியில் போஸ்டரைத் தமிழில் எழுதினோம். அம்மா சொன்னா, நான் எழுதினேன், எழுத்துப்பிழையை அவ திருத்தினா. மாதிரி, வழு, நீர்மட்டம், உவர்த்தன்மை. பாஸாவ் தாண்டும்போது சில இடங்களில் அவவுக்கும் சொல் வரவில்லை. அங்கே "கிணத்துக்குக் கீழ உப்பு கூம்பு மாதிரி எழும்புறது" என்று பேச்சிலேயே விட்டோம். அதுதான் ஆங்கிலத்தில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்தில் அடங்க அமைத்து, ஊரில் இருக்கும் சின்னம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கிணறு தந்த மற்றவர்களுக்கும் காட்டச் சொல்லி.

இரண்டு நாள் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. பக்கத்து வளவு ஐயா. வெங்காயம் செய்கிறவர்.

"தங்கச்சி, நீங்கள் எழுதினதை வாசிச்சனான். அப்ப நான் ஒரே இறைப்பா நாலு மணித்தியாலம் மோட்டர் போடுறதை விட, விட்டு விட்டுக் கொஞ்சம் கொஞ்சமா இறைச்சால் உப்பு ஏறுறது குறையுமோ? எவ்வளவு நேரம் விடவேணும்?"

வியன்னாவில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. மெதுவாக, குறைவாக, பல இடங்களில் இறைத்தால் உப்புக் கூம்பு எழும்புவது குறையும் என்பது தெரிந்ததுதான். ஆனால் அவருடைய கிணற்றுக்கு எவ்வளவு நேரம் என்பதை, அவர் இறைக்கிற நேரத்தில் பக்கத்தில் நின்று அளந்தால்தான் சொல்லலாம். ஓகஸ்ட்டில் ஊருக்குப் போக டிக்கட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அளக்கிற கருவியைத் தான் தூக்குவேன் என்று மகன் இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்.