வீட்டுக்கு நம்பர்... படகுக்குப் பேர்! நெய்வேலியிலிருந்து கடலூர் துறைமுகம் வரை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம்

நெய்வேலிக்காரர்கள் இரண்டு பேர் வெளியூரில் சந்தித்துக்கொண்டால், பெயர் கேட்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். "நீங்க எந்த பிளாக்?"

ஆர்ச் கேட்டைத் தாண்டி டவுன்ஷிப்புக்குள் நுழைந்தால் அகலமான சாலைகள், நிழல் மரங்கள், வரிசை வரிசையாக குவார்ட்டர்ஸ் வீடுகள். இங்கே எல்லாவற்றுக்கும் எண்தான். பிளாக்குகளின் எண் இருபதுகளைத் தாண்டிப் போகிறது. சுரங்கம் என்றால் 1, 1ஏ, 2. அனல்மின் நிலையங்களுக்கும் அப்படியே.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளியே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே 20-ம் தேதி பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. ஏற்கெனவே இருந்த கிராமங்கள் இடம்பெயர, திட்டம் போட்டு ஒரு புது ஊர் எழுந்தது. பழைய ஊர்ப்பெயர்களில் ஒன்று, வேலுடையான்பட்டு முருகன் கோயிலின் பெயரில் இன்றும் தங்கியிருக்கிறது.

குவார்ட்டர்ஸ் வீடு நிறுவனத்துடையது. பணி ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். முப்பது வருஷம் குடியிருந்தாலும், வாசலில் 'அன்னை இல்லம்' என்று கல் பதிப்பவர் யார்?

பேர் வைக்கும் ஆசை மட்டும் எங்கே போகும்? அது சொந்த வண்டியில் ஏறிக்கொள்கிறது. தமிழ்நாட்டு ஆட்டோ, லாரிகளின் முதுகைப் படித்தாலே போதும். 'பிரசவத்துக்கு இலவசம்' என்று நெகிழவைப்பது ஒன்று. 'அம்மாவின் ஆசி' என்று கும்பிட வைப்பது ஒன்று. 'வயிறு எரியாதே' என்று பின்னால் வருபவரை வம்புக்கு இழுப்பது இன்னொன்று.

சரி, இதே ஆட்கள் கடலுக்குப் போனால் படகுக்கு என்ன பேர் வைப்பார்கள்? பதில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

கடலுக்குப் போகும் வழி

நெய்வேலியிலிருந்து வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூருக்கு பஸ் பயணம். வடலூரில் வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமசாலையில் இன்றும் அடுப்பு அணையவில்லை. சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம். டவுன்ஷிப் குடும்பங்கள் பலருக்கும் 'பீச்' என்றால் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்தான். ஆனால், பெயர் படிக்க வேண்டுமென்றால் மணலில் உட்கார்ந்தால் போதாது. கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் போக வேண்டும்.

விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும் இடம். இந்தக் கடற்கரையில் பெயர்களில் முதலிடம் சாமிக்கு. முருகன் துணை, அம்மன் துணை, வேளாங்கண்ணி மாதா, அந்தோணியார். அடுத்த இடம் வீட்டுப் பிள்ளைகளுக்கு. அதற்கும் அடுத்துதான் கடல் ராணி, கடல் புறா போன்ற அழகுப் பெயர்கள். 'கடல் புறா' என்றதும் வீட்டுப் பெரியவர்களுக்குச் சாண்டில்யன் ஞாபகம் வரும். கப்பலின் பெயரையே தலைப்பாகக் கொண்ட சரித்திர நாவல் அது.

வம்புப் பெயர்? ஆட்டோவில் அத்தனை நையாண்டி செய்யும் தமிழன், படகு என்றதும் ஏன் இவ்வளவு பவ்யமாகிவிடுகிறான்?

மூன்று முறை சொல்லிப் பாருங்கள்

வெளிநாட்டில் கதையே வேறு. அங்கே பொழுதுபோக்குப் படகு வைத்திருப்பவர்கள் சிலேடையில் விளையாடுவார்கள். 'நாட் வொர்க்கிங்' என்று ஒரு பெயர். 'நாட்' என்றால் கயிற்று முடிச்சு. 'இல்லை' என்றும் கேட்கும். ஆக, 'வேலைக்குப் போகலை' என்று அர்த்தம். வீட்டில் சொல்லக் கூச்சப்படும் பச்சைப் பெயர்களும் உண்டு.

2016-ல் பிரிட்டனில் ஒரு துருவ ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் வைக்க இணையத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. 1,20,000-க்கும் மேற்பட்ட ஓட்டுகளோடு ஜெயித்தது 'போட்டி மெக்போட்ஃபேஸ்'. நம்மூர் பாஷையில் 'கப்பலு கப்பல்மூஞ்சி' என்று வைத்துக்கொள்ளுங்கள்! அரசு அசரவில்லை. கப்பலுக்கு இயற்கை ஆவணப்பட நாயகர் சர் டேவிட் அட்டன்பரோவின் பெயரை வைத்தது. மக்கள் தந்த பெயர், அந்தக் கப்பலோடு சேர்ந்த மஞ்சள் நிற நீர்மூழ்கிக் கருவிக்குப் போனது.

இதில் சிரிப்புக்கு அடியில் ஒரு விஷயம் இருக்கிறது. நடுக்கடலில் ஆபத்து என்றால் வயர்லெஸ்ஸில் 'மேடே' என்று மூன்று முறை சொல்ல வேண்டும். அடுத்து, படகின் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். இது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு கெட்ட வார்த்தை ஜோக்கை மூன்று முறை உச்சரிப்பதை நினைத்துப் பாருங்கள். கேட்பவர் உதவிக்கு வருவாரா, விளையாட்டு என்று நினைப்பாரா?

கடலில் பிழைப்பவருக்கு இந்த நடைமுறையைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆபத்தில் வாயில் தானாக வரும் பெயர் எது? சாமி பெயர் அல்லது பிள்ளை பெயர். அதைத்தான் படகில் எழுதுகிறார்.

பெயர் மாறிய கப்பல்கள்

தமிழர் கப்பல் வரலாற்றிலும் பெயர்க் கதைகள் உண்டு. வ.உ.சிதம்பரனார் 1906-ல் தொடங்கிய சுதேசி கம்பெனியின் கப்பல்களில் ஒன்று 'காலியா'. அந்நியப் பெயர்தான். ஆனால் தமிழ்க் காதுக்கு 'காலியா?' என்றுதான் கேட்கும். அதைக் காலியாக்கத்தான் ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது.

யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் 'அன்னபூரணி அம்மாள்'. அதை வாங்கிய அமெரிக்கர் வில்லியம் ராபின்சன், தன் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். தமிழ் மாலுமிகள் ஓட்டிச்சென்ற அந்தக் கப்பல், 1938-ல் 'ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன்' என்ற பெயரோடு அமெரிக்காவின் க்ளூஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. வாங்கியவருக்குப் பேர் மாற்ற உரிமை உண்டு. ஆனாலும், தமிழர்கள் அந்தக் கதையைச் சொல்லும்போது அவள் அன்னபூரணிதான்.

கடலூர்க் கரைக்கும் அப்படி ஒரு காலம் வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். படகுகள் நொறுங்கின. தமிழகக் கரை முழுக்க நிவாரணமாகப் புது ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. பல படகுகளின் பக்கவாட்டில் உதவிய அமைப்பின் பெயரும் சின்னமும் இருந்தன. அந்த உதவி பெரியது. ஆனால், பெயின்ட் உதிர்ந்து அடுத்த பூச்சு அடிக்கும்போதுதான் சொந்தப் பெயர் எழுத இடம் கிடைக்கும்.

இப்போது எல்லாப் படகுக்கும் எண்ணும் உண்டு. நாட்டையும் மாநிலத்தையும் குறிக்கும் எழுத்துகள், மாவட்டத்தின் எண், படகின் வகை, வரிசை எண் என்று பெரிதாக எழுதியிருக்க வேண்டும். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தால், செய்தியில் வருவது பெரும்பாலும் அந்த எண்தான். கரையில் காத்திருப்பவர்கள் சொல்வது பெயரை.

எப்போது போகலாம்?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் பழுது பார்க்கப்பட்டு, பெயின்ட் அடிக்கப்படும் நேரம் அது. ஜூன் நடுவில் போனால் எழுத்துகள் பளிச்சென்று இருக்கும். ஆட்கள் வேலையில் இருப்பார்கள். போட்டோ எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெயருக்கான காரணத்தையும் கேளுங்கள்.

மாலை பஸ்ஸில் திரும்பும்போது, வடலூரைச் சுற்றிப் புது வீடுகள் கண்ணில் படும். நெய்வேலியில் ஓய்வு பெற்றவர்கள் பலர், சாவியைக் கொடுத்துவிட்டு வந்து இங்கெல்லாம்தான் வீடு கட்டுகிறார்கள். கிரகப்பிரவேசத்துக்கு முன்பே ஒரு வேலை முடிந்திருக்கும். வாசல் சுவரில் கல் பதித்து, அதில் ஒரு பேர்.