சரிந்த கல்லும் சகுனமும்

மலைக்கோயில்களுக்குப் படியேறிச் செல்லும் அன்பர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். பாறை மேலும் மரநிழலிலும் சிறு சிறு கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். மூன்று கல் இருக்கும், ஐந்து கல் இருக்கும், சில இடங்களில் ஏழு கல்லும் இருக்கும். சொந்த வீடு அமைய வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள் வைத்தவை அவை. திருவள்ளூர் மாவட்டத்துச் சிறுவாபுரியில் பாலசுப்பிரமணியரை ஆறு செவ்வாய்க்கிழமைகள் தொடர்ந்து தரிசிப்போர் இவ்வாறு கல் அடுக்கி வேண்டிக்கொள்வதைப் பலரும் அறிவர். திருமலைக்கு நடந்து ஏறுவோரும் பாதையோரத்தில் அடுக்கிச் செல்வதுண்டு. அர்ச்சகர் துணை வேண்டாம்; சீட்டு வாங்க வேண்டாம்; தேங்காய் பழமும் வேண்டாம். காலடியில் கிடக்கும் கல்லும் மனத்தில் இருக்கும் ஏக்கமும் போதும். இதைவிட எளிய வழிபாடு வேறு எது?

அவ்வாறு வைத்த கல் சரிந்து கிடந்தால் அதற்கு என்ன பொருள்? என் தங்கை என்னிடம் கேட்ட கேள்வி இது.

அவள் திருச்சியில் வாடகை வீட்டில் வசிக்கிறாள். கணவர் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. தையல் இயந்திரத்தை நம்பி இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். இந்த ஒன்பது ஆண்டுகளில் நான்கு வீடுகள் மாறிவிட்டாள். ஒவ்வொரு முறையும் சாமி படங்களைப் பழைய சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, சாமான் வண்டியின் முன்னிருக்கையில் அமர்ந்து செல்வாள். மாளிகை வேண்டும் என்று அவள் ஆசைப்படவில்லை. வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்காமல் ஆணி அடித்து அந்தப் படங்களை மாட்ட ஒரு சுவர் வேண்டும், அவ்வளவுதான்.

தைப்பூசத்தன்று ஒரு முருகன் மலையில் ஐந்து கற்களை அடுக்கிவிட்டு வந்தாள். ஆடிக் கிருத்திகைக்கு மீண்டும் போனபோது அவை சரிந்து சிதறிக் கிடந்தன. அன்றிரவு தொலைபேசியில் அவள் குரல் உடைந்திருந்தது.

"அண்ணே, முருகன் எனக்கு இல்லைன்னு சொல்லிட்டானா?"

குரங்கு தட்டியிருக்கும், மழைக்காற்று தள்ளியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "பக்கத்துல இருந்ததெல்லாம் அப்படியே நிக்குதே அண்ணே" என்றாள். அதற்குமேல் சொல்ல எனக்குச் சொல் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகியவன் நான். இந்த ஒரு கேள்வி பல இரவுகள் என் உறக்கத்தைக் கெடுத்தது.

விடையின் முதல் நுனியைக் காட்டியவன் அவளுடைய மகன்தான். பாலிடெக்னிக்கில் படிப்பவன். தீபாவளி விடுமுறைக்கு இலுப்பூர் வந்திருந்தபோது தன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் நகரில் வாழ்ந்த மைக்கேல் கிராப் என்பவர் அங்குள்ள ஓடை நீரில் நின்று கற்களை நிறுத்துகிறார். 2008 முதல் இதைச் செய்துவருபவராம். பசையும் கம்பியும் இல்லை. பூசணிக்காய் அளவுள்ள கல்லின் கூர்முனை கீழே இருக்கும். அதன் தலையில் அதைவிடப் பெரிய கல். பார்ப்பவருக்கு மூச்சு நின்றுவிடும். பில் டான் என்ற மற்றொருவர் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாக் கரையில் வழிப்போக்கர்கள் கண்ணெதிரே கற்களை நிறுத்துவார். நம் ஊர்த் திருவிழாவில் கழைக்கூத்தாடியைச் சூழ்ந்து நிற்பதுபோல் அங்கே கூட்டம் சூழ்ந்து நிற்கும். ஸ்காட்லாந்தின் டன்பார் கடற்கரையில் ஐரோப்பாவின் கல் அடுக்கும் கலைஞர்கள் கூடிப் போட்டியே நடத்துகிறார்கள்.

"மாமா, எல்லாம் முடிஞ்சதும் என்ன செய்வாங்க தெரியுமா? பாதிப் பேர் அவங்களே கலைச்சிடுவாங்க. மத்தவங்க காத்துக்கும் அலைக்கும் விட்டுட்டுப் போயிடுவாங்க" என்றான் அவன்.

மணிக்கணக்கில் நிறுத்தியதைத் தம் கையாலேயே கலைப்பதா? என் மனம் அந்த இடத்தில் நின்றது.

கல் நிற்கும் சூட்சுமத்தையும் அவனே விளக்கினான். எந்தக் கல்லும் முழுவதும் வழவழப்பாக இராது. கண்ணுக்குத் தெரியாத சிறு மேடும் பள்ளமும் அதன்மேல் உண்டு. மேற்கல் கீழ்க்கல்லில் மூன்று புள்ளிகளில் பதிய வேண்டும். அடுப்பின் மூன்று குமிழ்கள் பானையைத் தாங்குவதுபோல் அம்மூன்று புள்ளிகள் தாங்கும். கல்லின் எடை முழுவதும் குவியும் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக ஒரு கோடு வரைந்தால், அக்கோடு அம்மூன்று புள்ளிகளுக்கு நடுவே விழ வேண்டும். விழுந்தால் கல் நிற்கும். மயிரிழை விலகினாலும் சரியும். பக்கத்துக் கல் நிற்க என் தங்கையின் கல் சரிந்ததற்கு இவ்வளவே காரணமாக இருக்கலாம். ஆனால், கண்ணீரோடு கேட்பவளிடம் ஈர்ப்பு மையத்தைப் பற்றிப் பேசினால் அது ஆறுதலாகுமா?

மார்கழியில் நானே செய்து பார்ப்பதென்று தீர்மானித்தேன். கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கற்கள் எங்கள் கொல்லையில் குவிந்து கிடந்தன. விடியலில் பொன்வாசிநாதர் கோயிலுக்குப் போய்வந்தபின், வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் உட்காருவேன். கல்லை இரு கைகளாலும் பற்றி, மெல்லத் திருப்பித் திருப்பி, அது அமரும் இடத்தைத் தேட வேண்டும். கண் இதற்கு அதிகம் உதவாது. விரல் நுனிதான் சொல்லும். மூச்சு சீராக இல்லையென்றால் விரலும் சீராக இராது. நேற்றைய மனத்தாங்கலோ நாளைய மருத்துவச் செலவோ நினைவில் புகுந்த கணமே கல் நழுவும். சரியான இடம் அமையும்போது கையின் பாரம் திடீரென்று குறைவதை உணரலாம். அதன்பின் கையை எடுப்பதுதான் கடினம். பிடித்துக்கொண்டே இருக்கத் தோன்றும். ஆனால், பிடியை விட்டால்தான் கல் நின்றதாகும்.

ஜபமாலை உருட்டும்போது எங்கெங்கோ அலையும் என் மனம் இந்த அரைமணியில் ஓரிடத்தில் இருந்தது. மேலைநாட்டார் இதை மனப்பயிற்சியாகவே பழகுகிறார்கள் என்று மருமகன் சொன்னது எனக்குப் புரிந்தது. நம் பெரியோர் ஏகாக்கிரம் என்று சொல்லும் ஒருமுகப்பாட்டின் முதற்படி இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பழகப் பழக வேறொன்றும் விளங்கியது. கலைப்பது நமக்குப் புதிதன்று. எந்தச் சுப காரியத்துக்கும் முதலில் மஞ்சளைப் பிடித்துப் பிள்ளையாராக வைக்கிறோம். காரியம் முடிந்ததும் நீரில் கரைக்கிறோம். சதுர்த்திக்கு வாங்கிய களிமண் பிள்ளையாரையும் குளத்தில் சேர்க்கிறோம். மார்கழி வாசலில் பெண்கள் குனிந்து இட்ட கோலம் மாலைக்குள் மிதிபட்டு மறைகிறது. மறுநாள் அதே இடத்தில் புதுக்கோலம். கோலம் அழிந்ததால் இலக்குமி வர மறுத்தாள் என்று எவரும் வருந்துவதில்லை. இட்டபோதே அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற நம்பிக்கை நமக்கு உண்டு. கல்லுக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?

பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் தேருக்குத் தங்கை வந்தாள். மறுநாள் காலை, வெயில் ஏறுமுன், அவளை அங்குள்ள மேலமலைக்கு அழைத்துச் சென்றேன். பாறைச் சரிவில் விஜயாலய சோழீச்சுரம் நிற்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கற்றளி. சதுரச் சுவருக்குள் வட்டமான கருவறை. நம் பழைய கற்றளிகள் பலவும் சாந்துப் பூச்சின் பிடிப்பில் நிற்பவையல்ல. கல்லின் மேல் கல் அமர்ந்து, அதன் எடையே அதைத் தாங்க, நூற்றாண்டுகளைக் கடந்தவை. தஞ்சைப் பெரியகோயிலின் 216 அடி விமானம் 1010ஆம் ஆண்டிலிருந்து அப்படித்தான் நிற்கிறது.

"இதுவும் ஒரு தடவை இடிஞ்சது, தாயி" என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

அக்கோயிலின் கல்வெட்டுச் செய்தியை அவளுக்குச் சொன்னேன். சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி அது. மழையால் அது அழிந்தது. மல்லன் விதுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தான். கட்டியவன் ஒருவன், சரிந்தபின் எடுத்து நிறுத்தியவன் வேறொருவன். ஈசனுக்கே எடுத்த கோயில் மழையில் இடிந்தது. ஈசன் அதை வேண்டாம் என்று சொன்னதாக அந்த மல்லன் விதுமன் நினைத்திருந்தால், நாங்கள் நின்ற இடத்தில் அன்று வெறும் பாறைதான் இருந்திருக்கும்.

இலுப்பூருக்கு மேற்கே கொடும்பாளூரில் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தன் தேவியர் இருவர் பெயராலும் எடுத்த மூன்று கோயில்களில் இன்று நிற்பவை இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. இன்றும் அதன் பெயர் மூவர் கோயில்தான். சரிந்துபோன ஒன்றையும் ஊர் கணக்கிலிருந்து நீக்கவில்லை.

ஜப்பானியரிடம் ஒரு நம்பிக்கை உண்டு. பெற்றோருக்கு முன்னே இறந்துபோன குழந்தைகள் மறுமையின் ஆற்றங்கரையில் பெற்றோர் நலத்துக்காகக் கல் அடுக்குவார்களாம். அரக்கர்கள் வந்து அதைத் தட்டிவிடுவார்களாம். அப்போது ஜிசோ என்னும் போதிசத்துவர் வந்து குழந்தைகளைத் தம் அங்கிக்குள் அணைத்துக் காப்பாராம். அக்கதையில் கல்லைத் தள்ளுவது தெய்வமன்று. தள்ளப்பட்ட இடத்துக்கு வருவதே தெய்வம். இதையும் அவளிடம் சொன்னேன்.

அவள் நெடுநேரம் பேசவில்லை. இறங்கும்போது, "அப்ப நான் வெச்சது போய்ச் சேர்ந்திருக்குமா அண்ணே?" என்று கேட்டாள். "வெச்சப்பவே சேர்ந்திருக்கும்" என்றேன். அது தர்க்கமா, நம்பிக்கையா என்று கேட்டால் நம்பிக்கை என்றுதான் சொல்வேன். ஆனால், சரிந்த கல்லை மறுப்பு என்று கொள்வதும் ஒரு நம்பிக்கைதானே! இரண்டில் எது முருகனின் கருணைக்குப் பொருந்தும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கல் அடுக்கும் ஆர்வத்தில் பழங்கோயில்களின் உடைந்த கல்லையும் சிற்பத் துண்டையும் தொடலாகாது. அவை ஒவ்வொன்றும் வரலாற்றின் எழுத்து. ஓடையிலும் ஆற்றிலும் கிடக்கும் கற்களின் அடியில் புழுவும் பூச்சியும் மீன் முட்டையும் வாழ்கின்றன. ஒரு வீடு வேண்டி மற்றோர் உயிரின் வீட்டைப் பெயர்த்தல் முறையாகுமா? மேலைநாட்டுக் காடுகளில் கல் குவியல் வழிகாட்டி அடையாளமாகவும் இருப்பதால், கண்ட இடத்தில் அடுக்காதீர்கள் என்று அங்குள்ள பூங்காக் காவலர்களே கேட்டுக்கொள்கிறார்கள். பிறர் நடக்கும் படியை மறைக்காமல், கோயிலார் விலக்காத இடத்தில், உதிரியாகக் கிடக்கும் கல்லை மட்டும் எடுப்பதே நன்று. மனத்தை ஒருமுகப்படுத்துவது மட்டும் நோக்கமானால் வீட்டுக் கொல்லையே போதும். முடிந்ததும் கற்களைப் பழையபடி போட்டுவிடலாம்.

வைகாசி விசாகத்துக்குத் தங்கை அந்த மலைக்கு மீண்டும் போனாள். கூடப் போன மகன்தான் நடந்ததை எனக்குச் சொன்னான். சிதறிக் கிடந்த தன் கற்களை அடையாளம் காண அவளால் முடியவில்லையாம். அவ்விடத்தில் வேறு பலருடைய அடுக்குகளும் சரிந்து கலந்து கிடந்தன. சிறிது நேரம் பார்த்திருந்தவள், தரையில் அமர்ந்து, கைக்குக் கிடைத்ததை எடுத்து அடுக்கத் தொடங்கினாளாம். ஒன்றை முடித்து அடுத்தது. அதை முடித்து அதற்கடுத்தது. "யாருதும்மா இது?" என்று மகன் கேட்டிருக்கிறான். "யாருதா இருந்தா என்ன? அவங்களுக்கும் வீடு வேணும்ல" என்றாளாம்.

அவளுக்கு இன்னும் வீடு அமையவில்லை. சாமி படங்கள் இன்றும் வாடகை வீட்டு அலமாரியில்தான் சாய்ந்திருக்கின்றன. ஆனால், முருகன் இல்லை என்று சொல்லிவிட்டான் என்ற பேச்சு அவள் வாயிலிருந்து பிறகு வரவில்லை.

அடுத்த முறை மலையேறும்போது, வழியோரத்தில் சரிந்து கிடக்கும் கற்களை நீங்களும் காண்பீர்கள். யாரோ ஒரு தாயோ, மகனோ வைத்துவிட்டுப் போன வேண்டுதல் அது. இரண்டு நிமிடம் நின்று அதை எடுத்து வைத்துவிட்டுச் செல்லுங்கள். யாருக்காக என்று அறியாமல் வைக்கும் கல்லும் அவன் சந்நிதியைச் சென்று சேரும்.