சிவப்புக்கு அடியில் ஒரு நட்சத்திரம்

பிரான்ஸின் நார்மண்டியில், கரன்டான் ஊரைத் தாண்டி ஒரு பழைய வைக்கோல் கொட்டகை. உள்ளே ஜிஎம்சி ராணுவ லாரி ஒன்று, சக்கரங்களைக் கழற்றிவிட்டு மரக்கட்டைகள் மேல் நிற்கிறது. கதவருகே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெயிண்டர், நடுவயதுப் பெண், நனைத்த உப்புத்தாளால் உள்ளங்கை அகல இடத்தை அரைமணி நேரமாகத் தேய்க்கிறார். மேலே தீயணைப்பு வண்டிச் சிவப்பு. அதற்குக் கீழே பிரெஞ்சு ராணுவப் பச்சை. “பார்க்காதீர்கள், தொடுங்கள்” என்று என் விரலைப் பிடித்துக் கதவில் வைத்தார். விரல் நுனியில் மெல்லிய வரம்பு ஒன்று தட்டியது. இன்னும் கொஞ்சம் தேய்த்ததும் வெள்ளை முனை வெளியே வந்தது. அமெரிக்கப் படையின் நட்சத்திரம்.

1941 முதல் 1945 வரை இந்த ரகத்தில் 5,60,000-க்கும் மேற்பட்ட லாரிகள் தயாராயின. இரண்டரை டன் சுமை, மூன்று அச்சுகளுக்கும் இழுவை. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் குண்டுவீச்சில் பிரான்ஸின் ரயில் பாதைகள் சிதைந்து கிடந்ததால், முன்னேறும் படைகளுக்குப் பெட்ரோலும் குண்டும் சோறும் சாலை வழியே போக வேண்டியிருந்தது. 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை ஓடிய அந்த லாரி வரிசைக்கு ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். உச்சத்தில் நாளொன்றுக்கு 12,000 டன்னுக்கு மேல் சுமந்தார்கள். ஓட்டுநர்களில் நான்கில் மூன்று பேர் கறுப்பினத்தவர். நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த ராணுவம் அது. பெரும்பாலான கறுப்பின வீரர்களைத் துப்பாக்கிப் பக்கம் விடாமல் சரக்குப் பக்கம் நிறுத்தியது. அவர்கள் தூக்கமில்லாமல் ஓட்டிய ஓட்டத்தில்தான் போர்முனை பட்டினி கிடக்காமல் நின்றது.

கொட்டகை லாரிக்கு மறுபடி பூசப்போவது அந்த ராணுவத்தின் ஆலிவ் பச்சை. கறுப்பையும் மஞ்சள் காவியையும் கலந்தால் அது வரும். துளியும் மினுங்கக் கூடாது. மினுங்கினால் வானத்திலிருந்து விமானம் கண்டுபிடித்துவிடும். கார்ப் பட்டறையில் தொழில் பழகிய பெயிண்டருக்கு, பளபளப்பைக் கைவிடப் பழகுவதே பெரும்பாடாக இருந்ததாம்.

அடுத்த பக்கம் எழுபதைக் கடந்த மெக்கானிக். இளவயதில் கட்டாய ராணுவ சேவையில் இதே லாரிகளைப் பழுது பார்த்தவர். பெயிண்ட் அடிக்குமுன் சேசிஸில் எர்த் கம்பி உட்காரும் இடங்களையெல்லாம் இரும்பு தெரியச் சுரண்டி, டேப் ஒட்டுகிறார். ஆறு வோல்ட் வண்டி இது. பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் கரண்ட்டைப் போல இரண்டு மடங்கு இதில் ஓட வேண்டும். இடையில் ஒரு பூச்சு பெயிண்ட் இருந்தாலும் ஸ்டார்ட்டர் முனகும். சக்கரத்தில் காற்றடிக்கும்போது யாரையும் பக்கத்தில் விடமாட்டார். ரிம்மின் லாக் ரிங் தெறித்தால் ஆள் பிழைப்பது கடினம்.

இருவருக்கும் ஒரு சண்டை. வண்டி முழுக்க 1944 ஆக வேண்டும் என்பது மெக்கானிக்கின் பிடிவாதம். தீயணைப்பு வீரர்கள் இதில் ஏறிப் போன வருஷங்களை யார் கணக்கில் வைப்பது என்று கேட்கிறார் பெயிண்டர். அவர் கட்சியே எனக்குச் சரியாகப் படுகிறது. லாரியின் சொந்தக்காரர் பம்பரில் ரெட் பால் படைப்பிரிவின் குறியீட்டை எழுதச் சொல்லியிருந்தார். பம்பரைப் பூச்சுப் பூச்சாகத் தேய்த்தும் எழுத்தின் தடம் ஒன்றும் கிடைக்காததால் பெயிண்டர் எழுத மறுத்துவிட்டார்.

மாலையில் கதவின் வெளிப்பக்கம் ஆலிவ் பச்சை ஏறியது. உட்பக்கத்துச் சிவப்பின் மேல் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள். ஒட்டியவர் மெக்கானிக்தான்.